பாதியில் நின்ற படம்: மின்னஞ்சல் இணைப்பு முழுமையாக இறங்காவிட்டால் என்ன செய்வது?

2021 டிசம்பரில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்ததை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். என் மாமா வீடும் அங்கேதான் இருக்கிறது. தண்ணீர் ஏற ஏற, மாமா மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது மூன்றே பொருள்கள்: கடப்பிதழ்கள் இருந்த பை, அத்தையின் மருந்துகள், தன் மடிக்கணினி. கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த தாத்தா பாட்டி படத்தை எடுக்க மறந்துவிட்டார்.

பந்திங் பக்கம் ஒரு தோட்டத்தில், லயத்து வாசலில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. தாத்தா நின்றுகொண்டிருப்பார். பாட்டி நாற்காலியில் அமர்ந்திருப்பார். பாட்டியைக் காட்டும் படம் எங்கள் குடும்பத்தில் அது ஒன்றுதான். பாட்டி தவறியபோது என் அம்மாவுக்கு நான்கு வயது. தன் தாயின் முகம் என்று அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் படத்தில் இருந்த முகம்தான்.

வெள்ளம் வடிந்தபிறகு பார்த்தால், படம் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தது. பிரித்தபோது முகங்கள் கண்ணாடியோடு போய்விட்டன.

இரண்டு மாதம் கழித்து மாமாவுக்குத் திடீரென ஒரு நினைவு. 2019இல் அந்தப் படத்தை ஒரு கடையில் கொடுத்து ஸ்கேன் செய்திருந்தார். கடைப் பையன் அதை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தான். சுவரில்தான் அசல் தொங்குகிறதே என்று யாரும் அந்த மின்னஞ்சலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஓடிப்போய்த் திறந்தார். தாத்தாவின் முகம் தெரிந்தது, சட்டை தெரிந்தது. அதற்குக் கீழே ஒரே சாம்பல் நிறம். பாட்டி இருக்க வேண்டிய இடத்தில் எதுவுமே இல்லை.

எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, அந்தப் பையன் பாதிப் படத்தைத்தான் அனுப்பியிருக்கான். கடையையும் இப்போ மூடிட்டாங்க. இதை வச்சுக்கிட்டு என்ன செய்யறது? உங்கம்மா பார்த்தா அழுவா. அழிச்சுடறேன்.”

“மாமா, எதையும் அழிக்காதீங்க. நான் சனிக்கிழமை வர்றேன்” என்றேன்.

அந்தச் சனிக்கிழமை கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டில் அது பழைய படமாக இருக்காது. வீட்டு ஒப்பந்தமாகவோ, மருத்துவ அறிக்கையாகவோ, பிள்ளையின் பல்கலைக்கழகக் கடிதமாகவோ இருக்கலாம். கணினியில் திறக்கும்போது அது பாதியாகத் தெரிந்தால், உடனே அனுப்பியவரைக் குறை சொல்லாதீர்கள். பல நேரங்களில் அவர் முழுதாகவே அனுப்பியிருப்பார். நம் பக்கம்தான் முழுதாக இறங்கியிருக்காது.

முதல் வேலை: அசலைத் தேடுங்கள்

மின்னஞ்சலைப் படிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உலாவியில் இணையத்தளத்தைத் திறந்து படிப்பது. இன்னொன்று, அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற செயலியைக் கணினியில் நிறுவிப் படிப்பது. இரண்டாவது வழியில், சேவையகத்தில் இருக்கும் கடிதத்தின் நகலைத்தான் செயலி நம் கணினிக்கு இறக்குகிறது. நகல் பழுதாகிவிட்டது என்பதால் அசலும் பழுதாகிவிட்டது என்று பொருளல்ல.

ஆகவே முதலில் உலாவியைத் திறந்து அதே கணக்குக்குள் போய், அதே கடிதத்தைப் பாருங்கள். இணைப்பு அங்கே முழுதாகத் திறந்தால், உடனே அதை இறக்கி வேறோர் இடத்தில் சேமித்துவிடுங்கள். காரணத்தை அப்புறம் தேடலாம்.

மாமாவிடம் இதைச் சொன்னபோது, “கடவுச்சொல் யாருக்கு ஞாபகம் இருக்கு?” என்றார். செயலிக்குள் ஒருமுறை தட்டியதோடு சரி, பிறகு அதுவே நினைவில் வைத்துக்கொண்டது. உங்களுக்கும் இந்த நிலைமை வரலாம். தண்டர்பேர்ட் பயன்படுத்துவோர் அமைப்புகளில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ பகுதிக்குப் போனால், சேமித்த கடவுச்சொற்களைப் பார்க்கலாம்.

உள்ளே போனதும் ‘2019’ என்று தேடினோம். கடிதம் இருந்தது. இணைப்பைச் சொடுக்கினேன். தாத்தா, சட்டை, வேட்டி, பக்கத்தில் நாற்காலி, நாற்காலியில் பாட்டி.

மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அன்று தொலைபேசியில் சொன்னபடி மாமா அழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அது கணக்கின் வகையைப் பொறுத்தது. ‘ஐமேப்’ வகைக் கணக்கில் செயலியும் சேவையகமும் ஒன்றையொன்று பார்த்து நடக்கும். இங்கே அழித்தால் அங்கேயும் குப்பைத்தொட்டிக்குப் போய்விடும். தொட்டியைக் காலி செய்துவிட்டால் எங்கேயும் இருக்காது. ‘பாப்’ வகையில் நிலைமை வேறு. கடிதத்தை இறக்கியதும் சேவையகத்தில் இருந்து அகற்றிவிடும்படி அமைக்கலாம். குறிப்பிட்ட நாள் கழித்து அகற்றும்படியும் அமைக்கலாம். பழைய வகை அவுட்லுக்கில் 14 நாள் என்ற எண்ணைப் பார்க்கலாம். அந்தக் கெடு முடிந்துவிட்டால், கணினியில் இருக்கும் பாதி நகல்தான் மிச்சம். நல்லவேளை, மாமாவின் கணக்கு ஐமேப்.

நீங்கள் பாப் பயன்படுத்தினால் இன்றைக்கே கணக்கு அமைப்பைத் திறந்து, சேவையகத்தில் நகலை விட்டுவைக்கும் தெரிவு இயங்குகிறதா, எத்தனை நாளுக்கு என்று பாருங்கள்.

படம் எப்படிக் கடிதமாகிறது?

மின்னஞ்சல் முதலில் வெறும் எழுத்துகளை அனுப்புவதற்காக உருவானது. ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறி, அவ்வளவுதான். படமோ பாட்டோ அதில் ஏறாது. இந்தக் குறையைத் தீர்க்க ‘மைம்’ என்ற முறையை நத்தானியல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் என்ற இருவர் வகுத்தார்கள். 1992 மார்ச்சில் போரன்ஸ்டைன் அனுப்பிய சோதனைக் கடிதத்தில் அவருடைய நால்வர் பாட்டுக்குழுவின் படமும் பாட்டும் இருந்தன. நாம் இன்று அனுப்பும் ஒவ்வோர் இணைப்பும் அதே முறையில்தான் போகிறது.

முறை எளியதுதான். கோப்பில் உள்ள ஒவ்வொரு மூன்று பைட்டையும் நான்கு எழுத்தாக மாற்றிக் கடிதத்துக்குள் வரி வரியாக எழுதிவிடுவார்கள். பெறுபவரின் செயலி அந்த எழுத்துகளைத் திரும்பவும் படமாக மாற்றும். அதனால் 6 எம்பி படம், பயணத்தின்போது 8 எம்பிக்கும் கூடுதலாகிவிடுகிறது. வழியில் எங்கே அறுந்தாலும் அதுவரை வந்த வரிகள் மட்டும் படமாகும். மாமாவின் கணினியில் நடந்தது இதுதான்.

அறுந்த கோப்பு எப்படித் தெரியும் என்பது அதன் வகையைப் பொறுத்தது. சாதாரண ஜேபெக் படம் மேலிருந்து கீழாக விரியும். ஆகவே மேல்பாதி தெரியும், கீழ்பாதி சாம்பலாகும். பிடிஎஃப் கோப்பில் எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை கடைசியில் இருக்கும். அந்தக் கடைசி போய்விட்டால் ‘கோப்பு பழுது’ என்ற அறிவிப்புத்தான் வரும். ஸிப் கோப்பும் அப்படியே; அதன் பட்டியலும் கடைசியில்தான் உண்டு. வேர்ட், எக்செல் கோப்புகள் இன்று உள்ளுக்குள் ஸிப் பொட்டலங்களே. அதனால்தான் ஒரு சிறு துண்டு குறைந்தால்கூட அவை திறக்க மறுக்கின்றன.

எவ்வளவு குறைகிறது?

இணைப்பைக் கடிதத்துக்குள்ளிருந்து நேரடியாகத் திறக்காமல், முதலில் கணினியில் சேமியுங்கள். பிறகு அந்தக் கோப்பின் அளவைப் பாருங்கள். உலாவியில் இருந்து இறக்கிய கோப்பின் அளவோடு ஒப்பிடுங்கள். உலாவியில் திறக்க வழியில்லை என்றால், அனுப்பியவரிடம் அவருடைய கோப்பின் அளவைக் கேளுங்கள். “மறுபடி அனுப்புங்கள்” என்று கேட்பதைவிட “உங்கள் கோப்பு எத்தனை எம்பி?” என்று கேட்பது பயன்தரும்.

ஒரு குறிப்பு: சில செயலிகள் கடிதத்துக்குள் இணைப்பின் அளவைக் காட்டும்போது, எழுத்தாக மாறிய பொதியின் அளவைக் காட்டும். அது மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தெரிந்தால் கவலைப்பட வேண்டாம். சேமித்த கோப்பின் அளவு குறைந்தால்தான் சிக்கல்.

மாமாவின் படம் 6.8 எம்பி. செயலியில் இருந்து சேமித்ததோ 3 எம்பிக்குச் சற்றுமேல். எவ்வளவு குறைகிறது என்பதே காரணத்தைக் காட்டித் தரும்.

கொஞ்சம்தான் வந்திருக்கிறதா?

கடிதத்தின் தலைப்போ முதல் சில வரிகளோ மட்டும் வந்து, இணைப்பே இல்லை என்றால், செயலி தன் அமைப்பின்படிதான் நடந்திருக்கிறது. இணையம் மெதுவாக இருந்த காலத்தில், பெரிய கடிதங்களை இறக்காமல் விடுவதற்கென ஒரு வரம்பு வைத்தார்கள். அது இன்றும் இருக்கிறது. தண்டர்பேர்டில், கணக்கு அமைப்பில் வட்டு இடம் பற்றிய பகுதியில் ‘இத்தனை கேபிக்கு மேற்பட்ட கடிதத்தை இறக்காதே’ என்ற தெரிவைக் காணலாம். அதில் 50 கேபி என்று இருக்கும். டிக் விழுந்திருந்தால் எடுத்துவிடுங்கள். பாப் கணக்காக இருந்தால் கடிதத்துக்குள்ளேயே மீதியை இறக்கச் சொல்லும் ஒரு சுட்டி தெரியும். அதைச் சொடுக்கினால் போதும்.

பழைய வகை அவுட்லுக்கில், ‘செண்ட்/ரிசீவ்’ தாவலில் குழுக்களைத் திருத்தும் பகுதியைத் திறங்கள். ‘டவுன்லோட் ஹெடர்ஸ் ஒன்லி’ என்பது தேர்வாகியிருந்தால், இணைப்போடு முழுமையாக இறக்கும் தெரிவுக்கு மாற்றுங்கள்.

பாதி வந்து நின்றிருக்கிறதா?

ஒவ்வொரு முறை இறக்கும்போதும் வேறு வேறு இடத்தில் அறுந்தால், பெரும்பாலும் இணையத் தொடர்பு விட்டுப்போகிறது அல்லது நேரம் போதவில்லை. மேல்மாடி அறையில் வைஃபை இரண்டு கோடு காட்டும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு 20 எம்பி கடிதத்தை இறக்கினால் இது நடக்கும். திசைவிக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். முடிந்தால் கம்பிவழி இணையுங்கள். கைப்பேசியின் தரவில் ஒருமுறை முயன்றால், குற்றவாளி வீட்டு வைஃபையா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

சேவையகத்தின் பதிலுக்காகச் செயலி காத்திருக்கும் நேரத்தையும் கூட்டலாம். பழைய வகை அவுட்லுக்கில், கணக்கின் கூடுதல் அமைப்புகளில் ‘அட்வான்ஸ்ட்’ தாவலில் ‘சர்வர் டைம்அவுட்ஸ்’ என்ற நகர்த்தி உண்டு. அது 1 நிமிடத்தில் நின்றால், 5 நிமிடத்துக்கோ அதற்கு மேலோ தள்ளுங்கள்.

அடுத்த சந்தேகம் நச்சுநிரல் தடுப்பு மென்பொருள்மீது. சில மென்பொருள்கள் ஒவ்வொரு கடிதத்தையும் நடுவழியில் பிடித்துப் பிரித்துப் பார்த்தபிறகே உள்ளே விடும். பெரிய இணைப்பு வரும்போது அந்தச் சோதனைக்கு நேரமாகி, செயலி காத்திருந்து அலுத்துத் தொடர்பைத் துண்டித்துவிடலாம். அதில் மின்னஞ்சல் சோதனையை மட்டும் சற்று நேரம் நிறுத்திவிட்டு, உங்களுக்குத் தெரிந்தவர் அனுப்பிய அந்த ஒரு கடிதத்தை இறக்கிப் பாருங்கள். பார்த்து முடித்ததும் மறக்காமல் திரும்ப இயக்குங்கள். யார் அனுப்பியது என்று தெரியாத இணைப்புக்காக ஒருபோதும் இதைச் செய்யாதீர்கள்.

கணினியில் இடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வட்டு நிரம்பியிருந்தால் எந்தக் கோப்பும் முழுதாக உட்காராது.

வால் மட்டும் போயிருக்கிறதா?

இது கொஞ்சம் விசித்திரமான நோய். கோப்பு கிட்டத்தட்ட முழுதாக வந்திருக்கும், சில கேபி மட்டும் குறையும். எத்தனை முறை இறக்கினாலும் அதே இடத்தில் அறும். படமாக இருந்தால் அடியில் ஒரு பட்டை சாம்பலாகும். பிடிஎஃப் என்றால் திறக்கவே திறக்காது.

காரணம் ஒரு கணக்குப் பிசகாக இருக்கலாம். ஐமேப் முறையில் செயலி முதலில், “இந்தக் கடிதம் எவ்வளவு பெரியது?” என்று சேவையகத்தைக் கேட்கும். பிறகு துண்டு துண்டாக அந்த அளவு வரை வாங்கிக்கொள்ளும். சில சேவையகங்கள் உண்மை அளவைவிடக் குறைத்துச் சொல்லிவிடுகின்றன. செயலியோ சொன்ன அளவு வந்ததும் நிறுத்திவிடுகிறது. வால் அங்கேயே தங்கிவிடுகிறது.

தண்டர்பேர்டில் இதற்கு ஒரு மருந்து உண்டு. அமைப்புகளில் ‘ஜெனரல்’ பக்கத்தின் அடியில் ‘கான்ஃபிக் எடிட்டர்’ என்ற பொத்தான் இருக்கும். அதன் தேடல் பெட்டியில் ‘ஃபெட்ச் பை சங்க்ஸ்’ என்ற மூன்று சொற்களை அடிக்கோட்டால் இணைத்து ஆங்கிலத்தில் தட்டுங்கள். வரும் வரியில் ‘ட்ரூ’ என்று இருப்பதை ‘ஃபால்ஸ்’ என்று மாற்றுங்கள். துண்டு போடாமல் கடிதத்தை ஒரே மூச்சில் கேட்கச் சொல்வதுதான் இதன் பொருள். அந்தப் பக்கத்தில் வேறு எதையும் தொடாதீர்கள்.

பழுதான நகலை மாற்றுவது

அமைப்பைச் சரிசெய்தாலும், முன்பே இறங்கிய பாதி நகல் தானாகச் சரியாகாது. செயலி தன்னிடம் அந்தக் கடிதம் இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருக்கும். புதிதாக இறக்கச் சொல்ல வேண்டும். தண்டர்பேர்டில், கடிதம் இருக்கும் கோப்புறையை வலச்சொடுக்கி, ‘ப்ராப்பர்ட்டீஸ்’ திறந்து, ‘ரிப்பேர் ஃபோல்டர்’ என்பதை அழுத்துங்கள். ஐமேப் கணக்கில் அது கடிதங்களைச் சேவையகத்தில் இருந்து மறுபடி கொண்டுவரும். பாப் கணக்கில் அப்படியல்ல. பட்டியலை மட்டும் புதுப்பிக்கும், இல்லாத பாதியைக் கொண்டுவராது. பழைய வகை அவுட்லுக்கில் தரவுக் கோப்பே கெட்டுவிட்டால் ‘ஸ்கேன்பிஎஸ்டி’ என்ற பழுதுபார்க்கும் கருவி உண்டு. எதைச் செய்வதற்கு முன்னும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாமா வீட்டில், அசலைப் பென்டிரைவில் பத்திரப்படுத்திய பிறகு, ஆர்வத்தில் இதையும் செய்து பார்த்தோம். மாடி அறையிலேயே இருந்துகொண்டு மறுபடி இறக்கினோம். படம் இந்த முறை இன்னும் கொஞ்சம் கீழே வந்து நின்றது. பாட்டியின் தலைமுடியும் நெற்றியும் தெரிந்தன. இடம் மாறி அறுந்ததால் வைஃபைமீது சந்தேகம் வந்தது. மடிக்கணினியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து திசைவியோடு கம்பியில் இணைத்தோம். இன்னொரு முறை. இப்போது பாட்டி முழுதாக வந்தார்.

“பையன் மேல தப்பில்ல. ரெண்டு வாரமா அவனைத் திட்டிக்கிட்டு இருந்தேன்” என்றார் மாமா.

அனுப்புவோர் கவனத்துக்கு

நாமும் அனுப்புகிறவர்கள்தானே. ஜிமெயிலில் இணைப்புகளுக்கு 25 எம்பி வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் அது சுட்டியாக மாற்றி அனுப்பும். அலுவலக மின்னஞ்சல்களில் வரம்பு இதைவிடக் குறைவாக இருக்கலாம். பயணத்தின்போது மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். பெரிய கோப்பை மேகச் சேமிப்பில் ஏற்றிச் சுட்டியை அனுப்புவது மேல். இணைப்பாகவே அனுப்புவதானால், கடிதத்தில் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: “ஒரு பிடிஎஃப், 12 பக்கம், 4 எம்பி.” பெறுபவர் முழுதாக வந்ததா என்று பார்த்துக்கொள்ள அந்த ஒரு வரி போதும்.

குடும்பப் படங்களை மின்னஞ்சல் பெட்டியை நம்பி விடாதீர்கள். எங்கள் படம் தப்பியது ஒரு தற்செயல். வந்த அன்றே திறந்து பாருங்கள். இரண்டு வேறு இடங்களில் சேமித்து வையுங்கள். ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். வெள்ளம் ஒரு வீட்டுக்குள் வரும்போது அங்கிருக்கும் படம், கணினி, பென்டிரைவ் எல்லாவற்றையும் சேர்த்தே நனைத்துவிடும்.

இப்போது அந்தப் படம் மாமாவிடமும், என்னிடமும், ஈப்போவில் இருக்கும் பெரியம்மாவிடமும் இருக்கிறது. குடும்பப் புலனக் குழுவில் போட்டபோது, அதுவரை பாட்டியைப் பார்த்தேயிராத பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு பிரதி கேட்டார்கள். பெரிதாக அச்சிட்டு, சட்டம் போட்டு, பாட்டியின் நினைவு நாளன்று அம்மாவிடம் கொடுத்தோம். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“முன்னாடி இருந்த படத்துல இவ்வளவு தெளிவா தெரியலயே. அம்மா கையில வளையல் போட்டிருக்காங்க பாரு” என்றார்.